சூளை வண்டியைச் சுற்றி ஒரு கட்டம்

பாதுகாப்பு ஆய்வகங்களுக்கான பொதுக் கணினி வசதியைத் திட்டமிடும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். சேமிப்பு எவ்வளவு வேண்டும், இணைப்பு எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும், மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பொறியாளர் அல்ல. ஒரு நாளிதழின் செய்தி மேசையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஆவணப் பிரிவு வழியாக இந்தத் துறைக்குள் வந்தவள். மற்றவர்கள் செய்ததைப் புரியும்படி எழுதுவதுதான் ஓய்வுபெறும்வரை என் வேலை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இரண்டாயிரங்களின் நடுவில், விருத்தாசலத்தில் நடந்தது.

படத்தைப் பார்த்து, அதில் இருப்பது என்ன என்று தானாகச் சொல்லும் இயந்திரத்தை உருவாக்க அப்போது பல ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருந்தன. செயற்கை நுண்ணறிவு என்று வாய்விட்டுச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அறிக்கைகளில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளியே எழுதுவோம். ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென்று சில கணினிகள், தனக்கென்று சில படங்கள் வைத்துக்கொண்டு அடுத்தவர் கண்ணில் காட்டாமல் இருந்தது. ஒரு ராணுவ வண்டியை வெப்பக் கேமராவில் படமெடுக்க அனுமதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். கிடைத்தவர்கள் அந்தப் படங்களை நகை மாதிரிப் பூட்டி வைத்தார்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு படக் கிடங்கு, பொதுவாக ஒரு கணினித் தொகுதி, ஆய்வகங்களிலிருந்து அதற்கு இணைப்பு. இது எங்கள் இயக்குநரின் திட்டம். அவர் பெயர் இங்கே வேண்டாம். பேசும்போது மேசையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார். ஆய்வகம் ஆய்வகமாகப் போய், மறுத்தவர்களிடமே மறுபடியும் போய் உட்கார்ந்து, எல்லோரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்தப் பொறுமை எனக்கு இருந்திருக்காது.

விருத்தாசலத்தைச் சொன்னது ரஃபீக். எங்கள் குழுவின் இளம் பொறியாளர், மங்கலம்பேட்டைக்காரர். அண்ணன்கள் எல்லோரும் வளைகுடாவில். “எல்லாரும் துபாய்ல இருக்கிறாங்க, இவன் மட்டும் கவர்மெண்ட்டுல கம்பி சொருகுறான்னு அம்மா சொல்லுது மேடம்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கிடங்கைச் சோதித்துப் பார்க்கப் படங்கள் வேண்டும், ஆனால் எந்த ஆய்வகமும் தன் படங்களை முதலில் தரத் தயாராக இல்லை என்றபோது, அவர்தான் வழி சொன்னார்.

“சூடான இரும்பு, சுத்தி ஆளுங்க, மேலேர்ந்து பாக்க ஒரு உயரமான இடம். இதானே சார் வேணும்? எங்க ஊருலேர்ந்து பஸ்ஸு ஏறினா வந்துடும். பீங்கான் சூளை.”

பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு தனியார் பட்டறை இடம் கொடுத்தது. இன்னும் சுடாத பச்சைச் சாமான்களை அடுக்கிய இரும்பு வண்டி ஒன்று, தண்டவாளத்தின் மேல் சூளைக்குள் போகும்; வெந்த பிறகு வெளியே வரும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து அதைத் தள்ளுவார்கள். பக்கத்தில் உயரமாக இருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் கேமராவை வைத்தோம். வெப்பக் கேமராவில் எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும். சூடானது மட்டும் வெள்ளையாக. சூளையிலிருந்து வரும் வண்டி, வெள்ளையாகக் கொதிக்கும் ஒரு செவ்வகம். அதைத் தள்ளுகிறவர்கள், அதன் ஓரத்தில் மங்கலான வெண்புள்ளிகள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியையும் அதன் குழுவினரையும் மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

இங்கேதான் தவறு நடந்தது. அதை யாரும் மறைவாகச் செய்யவில்லை. எல்லோர் கண் முன்னாலும் நடந்தது.

கிடங்கில் ஒரு படத்தை ஏற்றினால் அதற்கு ஒரு குறிப்புக் கொடுக்க வேண்டும். குறிப்புக்கு இரண்டே வாய்ப்பு: இலக்கு, இலக்கு அல்லாதது. தேடினால் கிடைக்கிறதா, வேறு ஊர் ஆய்வகத்திலிருந்து கேட்டால் வருகிறதா என்று சோதிக்க இரண்டு வகையிலும் படங்கள் வேண்டும். அதனால் மரம், கூரை, சாலை, ஆடு எல்லாம் இலக்கு அல்லாதவை ஆயின. சூளை வண்டியும் அதைத் தள்ளும் ஆட்களும் இலக்கு ஆனார்கள். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இது சோதனைக்காக இடம் நிரப்ப வைத்தது, உண்மையான இலக்கு அல்ல என்று தெரியும். தெரிந்ததாலேயே யாரும் அதைப் படத்தோடு சேர்த்து எழுதவில்லை. நம் துறையில் செய்யக்கூடிய தவறு இது. அறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒன்று, கம்பி வழியாகப் படத்தோடு போய்ச் சேர்வதில்லை.

முதலில் இணைந்த ஆய்வகம், கிடங்கைத் திறந்ததும் இலக்கு என்று குறித்திருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. தன்னிடம் இருந்த கொஞ்சம் நிஜப் படங்களோடு கலந்து தன் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தது. கற்ற நிரலை எங்களுக்குத் திருப்பி அனுப்பியது. முன்னைவிடப் பல மடங்கு தெளிவாக அடையாளம் காண்கிறது என்று அவர்களிடமிருந்து பாராட்டு வந்தது. இயக்குநர் மகிழ்ந்தார். பொதுக் கிடங்கு பயன்படும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அனுமதி தர வேண்டிய குழுவை விருத்தாசலத்துக்கே அழைத்தார். இங்கே எடுத்த படம், அங்கே கற்றது, மறுபடி இங்கே வேலை செய்வதைத் திரையில் நேரடியாகக் காட்டுவது என்று ஏற்பாடு. குழு ஒப்புக்கொண்டால் அன்றே மற்ற ஆய்வகங்களுக்கும் கிடங்கு திறக்கப்படும்.

குழு வருவதற்கு முந்தின நாள் காலை ஒத்திகை பார்த்தோம். பேட்டையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சரக்கு அறை. மேசைகளைத் துடைக்கத் துடைக்க வெள்ளை மண் படிந்துகொண்டே இருந்தது. ரஃபீக் நிரலை ஓடவிட்டார். திரையில் சூளைக் கதவு திறந்தது, வண்டி வெளியே வந்தது. வண்டியையும் அதைத் தள்ளியவர்களையும் சேர்த்து ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது. கட்டத்தின் மேல் ஆங்கிலத்தில் இலக்கு என்ற சொல். வண்டி நகர நகரக் கட்டமும் நகர்ந்தது. பின்னால் இருந்த உதவியாளர்கள் கைதட்டினார்கள்.

பிறகு டீக்காரர் வந்தார். சைக்கிள், பின்னால் டீ கேன். கேன் வெள்ளையாகத் தெரிந்தது. அவரைச் சுற்றியும் கட்டம் விழுந்தது.

“டீக்காரரையும் புடிச்சிட்டுது மேடம்” என்று ரஃபீக் சிரித்தார். டீக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு டம்ளர்களை எடுத்தார். அவரைச் சுற்றி மூன்று நான்கு பேர் கூடினார்கள். கட்டம் பெரிதாகி எல்லோரையும் உள்ளே எடுத்துக்கொண்டது. ரஃபீக்கின் சிரிப்பு நின்றது.

அந்த நேரத்தில் கலைச்செல்வி உள்ளே வந்தார். பட்டறையில் சூளை வேலையை மேற்பார்வை பார்த்தவர், நாற்பது வயதைத் தாண்டியவர். மறுநாள் வண்டியை எந்த நேரத்துக்கு வெளியே எடுக்க வேண்டும் என்று கேட்க வந்தார். கேள்வி பாதியில் நின்றது. திரையைப் பார்த்தார்.

“அது மணிதானே? டீ குடிக்கிறான்.”

“ஆமாங்க” என்றேன்.

“சுத்தி எதுக்குக் கட்டம்?”

அவரே தொடர்ந்தார். “ஆளுங்க பேசிக்கிறாங்க மேடம். தொட்டி மேல ஏறிப் படம் புடிக்கிறாங்க, அளக்கிறாங்கன்னு. நான் கம்மாபுரத்துப் பக்கம். எங்க ஊருலயும் முதல்ல இப்படித்தான் வந்தாங்க. கேமரா வச்சாங்க, படத்துல கட்டம் போட்டாங்க. அப்புறம் கட்டத்துக்குள்ள இருந்த வூடெல்லாம் சுரங்கத்துக்குப் போயிட்டுது. இங்கயும் எடுத்துக்கப் போறீங்களா? சொல்லிட்டீங்கன்னா நாங்க வேற வழி பாப்போம்.”

“இல்லைங்க. நிலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சத்தியமா.”

“நிலம் இல்லன்னா சரி.” அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு மறுபடி திரையைப் பார்த்தார். “அப்போ கட்டம் எதுக்கு?”

வேலையில் பல கடினமான கேள்விகளை எதிர்கொண்டிருக்கிறேன். அதற்கு மட்டும் என்னிடம் இருந்த பதிலைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்ல உரிமை இருந்த எதுவும் பதில் இல்லை. கேமராவைச் சோதிக்கிறோம் என்றேன். அவர் ரஃபீக்கைப் பார்த்தார். ரஃபீக் விசைப்பலகையைப் பார்த்தார்.

கலைச்செல்வி போன பிறகு இயக்குநரிடம் பேசினேன். கிடங்கு திறப்பதற்கு முன் சூளைப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், அதற்குக் காட்சியைத் தள்ளிப்போட வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“முதல்ல கையெழுத்து ஆகட்டும்மா. அப்புறம் உட்கார்ந்து சுத்தம் பண்ணுவோம். நான் வேண்டாம்னு சொல்லலையே.”

“கையெழுத்து ஆன உடனே எல்லா லேபும் எடுத்துப்பாங்க சார். முதல் லேபு எடுத்த மாதிரியே.”

அவர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். பேட்டையில் சிறு பட்டறைக்காரர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுச் சூளை ஒன்று இருந்தது. தனியாகச் சூளை கட்ட முடியாதவர்கள் அங்கே கொண்டுவந்து சுட்டு எடுத்துப் போவார்கள். குழுவிடம் அதைத்தான் உதாரணமாகச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். உரையை எழுதியவளே நான்தான்.

“அங்க ஒருத்தர் பொம்மை கொண்டுவராரு, இன்னொருத்தர் ஃபியூஸு கொண்டுவராரு. சூளை ஒண்ணு. அதனாலதான் பேட்டை நிக்குது. நமக்கும் அதேதான்.”

“அங்க பொம்மை கொண்டுவந்தவரு பொம்மையத்தான் சார் எடுத்துட்டுப் போறாரு. நம்ம கிடங்குல ஒருத்தர் வச்சதை இன்னொருத்தர் எடுத்துட்டுப் போறாரு. வச்சவரு எதுக்கு வச்சாருன்னு எடுக்கிறவருக்குத் தெரியாது.”

இயக்குநர் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். பிறகு அவர் சொன்னதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அதில் நியாயம் இருந்தது.

“நாளைக்கு இது நின்னா இந்தத் திட்டம் போச்சு. எல்லாரும் பழையபடி தனித்தனியா செய்வாங்க. செய்யாம இருக்கப் போறதில்ல, அது மட்டும் நிச்சயம். நம்மைவிட மோசமான படத்தை வச்சு, மூடின கதவுக்குள்ள. அங்க உங்களை மாதிரி கேள்வி கேட்க ஒரு ஆளு இருப்பாங்களா? பொதுவா ஒரு இடம் இருந்தாத்தானே தப்பு நடந்தா கண்ணுல படும்?”

அது இன்றும் எனக்கு உண்மை என்றே தோன்றுகிறது. நான் சொன்னதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு அன்று மாலைக்குள் குழுவுக்கான கையேட்டை முடித்தாக வேண்டும். காட்சிப் படங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதித் தருவது என் பொறுப்பு.

செய்தி மேசையில் ஒரு கட்டாயம் உண்டு. படத்தில் ஆள் இருந்தால், யார், என்ன செய்கிறார் என்று கீழே எழுதாமல் அந்தப் படம் அச்சுக்குப் போகாது. கூட்டமாக இருந்தாலும் எந்தக் கூட்டம் என்றாவது எழுத வேண்டும். வரியில்லாத படத்தைப் பக்கம் கட்டுகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது யோசித்துச் செய்யும் காரியமாக இல்லை, கை தானாகச் செய்துவிடும். கையேட்டின் வரைவில் அந்தப் படத்தின் கீழே, இயந்திரம் அடையாளம் கண்ட இலக்கு என்று இருந்தது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: பீங்கான் பட்டறையில் சூளை வண்டியைத் தள்ளும் தொழிலாளர்கள் இருவர். இயந்திரம் இவர்களை இலக்கு என்கிறது. அடுத்த படத்துக்கு: டீ விற்பவரும் டீ குடிப்பவர்களும். இயந்திரம் இவர்களையும் இலக்கு என்கிறது.

ரகசியமாகச் செருகவில்லை. மறுநாள் காலையில் இயக்குநரிடம் கையேட்டைக் கொடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தே காட்டினேன். குழுவின் கார்கள் ரயில்வே சந்திப்பைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. அந்தத் தாளை எடுக்கச் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. படித்தார். மறுபடியும் படித்தார். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். “சாப்பிட்டுடுங்க” என்று கையேட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே போனார். எடுக்கச் சொல்லவில்லை. ஏன் என்று நாங்கள் இருவரும் பிறகு ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை.

காட்சி நன்றாகவே நடந்தது. கதவு திறந்தது, வண்டி வந்தது, கட்டம் விழுந்தது. குழுவின் தலைவர் தலையசைத்தார். இயக்குநர் பொதுச் சூளை உதாரணத்தைத் தொடங்கியிருந்தார். சீருடையில் வந்திருந்த ஓர் அதிகாரி மட்டும் திரையைப் பார்க்காமல் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அறையில் தாள் திரும்பும் ஓசை கேட்டது.

“வண்டியை இலக்கு என்கிறது. புரிகிறது” என்றார் அவர். “இந்த இரண்டு பேரை என்ன என்கிறது?”

ரஃபீக் எழுந்து நின்றார். “அவங்களையும் சேர்த்துத்தான் சார் கட்டம்.”

“வண்டி இல்லாமல் அவர்கள் மட்டும் நின்றால்?”

“சூடா ஏதாவது பக்கத்துல இருந்தா போதும் சார்.”

“இந்தப் படம் கிடங்குக்குள் எப்படி வந்தது?”

ரஃபீக் சொன்னார். எதையும் குறைக்காமல், யாரையும் காட்டிக்கொடுக்காமல், சோதனைக்காக வைத்தது எப்படி இயந்திரத்துக்குப் பாடமாக மாறியது என்று வரிசையாகச் சொன்னார். நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அன்று கையெழுத்து ஆகவில்லை. திட்டம் சாகவும் இல்லை. நெடுநாள் கிடப்பில் கிடந்து, சிறிதாகி, வேறு ஆட்களின் கைக்குப் போய், கடைசியில் திறந்தது. இயக்குநர் அதன் திறப்புக்கு அழைக்கப்படவில்லை. நீங்கள் இன்று ஒரு படத்தை ஏற்றும்போது, யார் எடுத்தது, எதற்காக, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டு உங்கள் உயிரை வாங்குகிறதே அந்தத் திரை, அது அந்தக் காலையிலிருந்து வந்தது. தெரியவில்லை என்று குறிக்க மூன்றாவது வாய்ப்பு வந்ததும் அப்போதுதான். அதை நிரப்பச் சலிப்பாக இருக்கிறது என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். சலிப்பாகத்தான் இருக்கும். நிரப்புங்கள்.

ஆனால் இதை ஒரு வெற்றிக் கதையாக எடுத்துப் போகாதீர்கள். ஏற்கெனவே ஓர் ஆய்வகம் படங்களை எடுத்துவிட்டிருந்தது. அவர்களுக்கு எழுதினோம். படங்களை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. ரஃபீக் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, “படத்தை அழிச்சிடலாம் மேடம். அதைப் பாத்து அது கத்துக்கிட்டதை எப்படி அழிக்கிறது?” என்றார். கற்ற நிரலை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்களா, அல்லது அதன்மேலேயே அடுத்ததைக் கட்டினார்களா என்று மறுபடி கேட்டு எழுதினோம். அதற்குப் பதில் வரவில்லை. இன்னொரு முறை கேட்பதற்குள் என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வெப்பப் படத்தில் மனிதர்கள் ஒரு டீ கேனைச் சுற்றி நிற்பது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்பதால், வானிலிருந்து தவறான ஆட்கள் தாக்கப்பட்டதாக வரும் செய்திகளைப் படிக்கும்போது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறேன். அதற்கும் எங்கள் படங்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இல்லை என்று நிரூபிக்கவும் இல்லை.

மாற்றல் வருவதற்கு முன், கேமராவை இறக்குவதற்காகக் கடைசியாக ஒருமுறை பேட்டைக்குப் போனேன். ரஃபீக் தொட்டியின் மேலே கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கலைச்செல்வி சூளைப் பக்கமிருந்து வந்து, கையைத் துண்டில் துடைத்தபடி என் எதிரில் நின்றார். கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று ரஃபீக் அவரிடம் சொல்லியிருந்தார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. சொல்லியிருக்கக் கூடாது. நான் அதைப் பற்றி ரஃபீக்கிடம் கேட்கவில்லை.

“எங்க படத்தையெல்லாம் அழிச்சிட்டீங்களா மேடம்?”

“எங்ககிட்ட இருந்ததை அழிச்சிட்டோங்க.”

“வேற எங்க இருக்குது?”

“ஒரு இடத்துக்குப் போயிருந்துது. அவங்களும் அழிச்சிட்டதா எழுதியிருக்காங்க.”

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“இல்லைங்க. அங்க உள்ள போக எனக்கு அனுமதி கிடையாது.”

அவர் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்போ உங்களுக்கும் தெரியாது.”

“தெரியாதுங்க.”

சூளைக் கதவருகே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வண்டி வெளியே வரும் நேரம். “ஆளுங்க நிக்கிறாங்க, போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். பாதி தூரத்தில் நின்று, தொட்டியின் மேலே அண்ணாந்து பார்த்தார். கேமரா அங்கே இல்லை. ரஃபீக் மட்டும் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் இறங்கி முடிக்கும்வரை வண்டியைத் தள்ள வேண்டாம் என்று கலைச்செல்வி கையைத் தூக்கி ஆட்களை நிறுத்திவைத்தார்.